இரட்டைவால் குருவியும் கீரியும்: எது உழவருக்கு நண்பன்?

வயலில் வேலை செய்யும் உழவர்கள் நாள்தோறும் காணும் உயிரினங்களில் இரட்டைவால் குருவியும் கீரியும் முக்கியமானவை. ஒன்று மரக்கிளையில் வாழ்கிறது; மற்றது வரப்பு வளையிலும் வேலிப் புதரிலும் வாழ்கிறது. இரண்டும் பகலில்தான் இரை தேடும். இவற்றால் விளையும் நன்மை தீமைகளை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

கரிச்சான் என்றும் அழைக்கப்படும் இரட்டைவால் குருவி உயரமான இடத்தில் அமர்ந்து, பறந்து செல்லும் அந்துப்பூச்சி, வெட்டுக்கிளி முதலியவற்றைப் பாய்ந்து பிடிக்கும். விடியலிலும் அந்தி மயங்கும் நேரத்திலும் இதன் வேட்டை மும்முரமாக இருக்கும். முட்டையிடப் பறக்கும் ஓர் அந்துப்பூச்சி அழிந்தால், அதனால் பிறக்க வேண்டிய புழுக்கூட்டமே அழிகிறது. ஆனால் இது தேனீக்களையும் பிடித்துத் தின்னும். எனவே தேன் பெட்டிகளின் அருகில் தாங்கிகளை நட வேண்டாம்.

நெல் வயலில் ஏக்கருக்கு 15 முதல் 20 வரை 'டி' வடிவத் தாங்கிகளைப் பயிருக்கு மேல் ஓர் அடி உயரம் இருக்குமாறு நடவும். கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் இவற்றை அகற்றிவிட வேண்டும். இல்லையேல் தானியம் தின்னும் பறவைகளும் வந்து அமரும்.

கீரி எலி, பாம்பு, பூச்சி ஆகியவற்றைத் தின்கிறது. கோழிக்குஞ்சையும் முட்டையையும் கவர்வதால் பலர் இதைப் பகையாக எண்ணுகின்றனர். கோழிகளை இரவில் மட்டும் அடைப்பது போதாது. குஞ்சுகளைப் பகலிலும் பஞ்சாரத்திலோ வலைக்கூண்டிலோ வைத்துக் காக்கவும்.

கீரி இருப்பதால் எலித் தொல்லை முழுவதும் தீர்ந்துவிடாது. எலி இரவில் மேய்கிறது. கீரியோ இரவில் உறங்குகிறது. 1872-ல் கரும்புத் தோட்ட எலிகளை ஒழிக்கக் கல்கத்தாவிலிருந்து ஜமைக்காத் தீவுக்குச் சிறு கீரி இனத்தைக் கொண்டு சென்றனர். அது அங்கிருந்த பறவைகளுக்கும் ஊர்வனவற்றுக்கும் எமனாயிற்று. எனவே தஞ்சாவூர்க் கிட்டி வைப்பது, வரப்பைச் சிறிதாக வைத்துக்கொள்வது, எலி வளைகளை வெட்டுவது ஆகியவற்றைக் கைவிடக்கூடாது.

நஞ்சுண்டு இறந்த எலிகளைப் பொறுக்கி ஆழப் புதைக்கவும். அவற்றைத் தின்னும் கீரி, நாய், பூனைக்கும் கேடு நேரலாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கீரியைக் கொல்வதும் அதன் முடியை விற்பதும் குற்றமாகும்.

ஆக, பூச்சிக்குக் குருவி, எலிக்குக் கீரி. இரண்டும் கூலி கேட்காத காவலாளிகள். தேவையின்றி மருந்து தெளிக்காமல், வயலோர மரத்தையும் வேலிப் புதரையும் அழிக்காமல் விட்டால் அதுவே இவற்றுக்கு நாம் செய்யும் கைம்மாறு.