வயிற்றோட்டம் குறைந்த பின் வரும் சிறுநீரக ஆபத்து

கோடை வந்துவிட்டால் பூங்காக்களில் எங்கள் ஒன்றுகூடல்களும் பாபிக்யூவும் தொடங்கிவிடும். பிள்ளைகளை மாட்டுப் பண்ணை பார்க்கவும் கூட்டிச் செல்வோம். சில நாட்களில் ஒரு பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தால் "சாப்பாடு ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை" என்கிறோம். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் மலத்தில் இரத்தம் கண்டால் அப்படி விட்டுவிட முடியாது.

மாடுகளின் குடலில் ஈ.கோலை ஓ157 என்ற பக்ரீரியா வாழ்கிறது. மாட்டுக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. சாணம் பட்ட தண்ணீர், இலைக்கறி, சரியாக வேகாத அரைத்த இறைச்சி, காய்ச்சாத பால் வழியாக அது எங்களிடம் வருகிறது. மிகச் சொற்பமான கிருமிகளே நோயைத் தரப் போதும். "நாங்கள் மாட்டிறைச்சி தொடுவதில்லை" என்று சிலர் நிம்மதி கொள்ளலாம். 2000ஆம் ஆண்டு மே மாதம் ஒன்ராறியோவின் வோக்கர்ட்டன் நகரில் மக்கள் குடித்தது குழாய்த் தண்ணீர்தான். கடும் மழையில் பண்ணைச் சாணம் நகரின் கிணற்றில் கலந்திருந்தது. ஏறக்குறைய 2,300 பேர் நோயுற்றார்கள், 7 பேர் இறந்தார்கள். 2023 செப்டெம்பரில் கல்கரியில் பல சிறுவர் பராமரிப்பு நிலையங்களுக்கு உணவு அனுப்பிய ஒரு சமையலறை வழியாக இதே கிருமி பரவி 400 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டனர்.

பெரும்பாலானோர் ஒரு வாரமளவில் சுகமாகிவிடுவர. சிலருக்கு, அதிலும் 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு, கிருமியின் நச்சு குருதியில் சேர்ந்து சிறுநீரகத்தின் நுண்ணிய குழாய்களின் உட்சுவரைப் புண்ணாக்குகிறது. அங்கே சிறு சிறு கட்டிகளாக இரத்தம் உறைகிறது. அந்த நெருக்கடிக்குள்ளால் போகும் செங்குழியங்கள் கிழிபடுகின்றன. இரத்தம் உறைய உதவும் சிறுதட்டுகள் அங்கேயே செலவாகி முடிகின்றன. இப்படிக் குருதிச்சோகையும் சிறுநீரகச் செயலிழப்பும் ஒன்றாக வருவதை வைத்தியர்கள் எச்.யூ.எஸ் என்பார்கள். இந்தத் தொற்று வந்த சிறு பிள்ளைகளில் 100க்கு 10 அல்லது 15 பேர் வரை இதற்கு ஆளாகலாம்.

பெற்றோரை ஏமாற்றுவது இது வரும் நேரம்தான். வயிற்றோட்டம் தொடங்கி ஒரு வாரமளவில், அது குறைந்து "இனிப் பயமில்லை" என்று நாம் ஆறுதல் அடையும்போதே இது தலைகாட்டும். பிள்ளை வெளிறிப்போகும், சோர்ந்து கிடக்கும். சிறுநீர் குறையும், நப்கின் நனையாது. முகமும் காலும் வீங்கலாம், அடிபடாமலே தோலில் கண்டல் தோன்றலாம். இவற்றில் எதைக் கண்டாலும் விடியும்வரை காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு செல்லுங்கள்.

"வைத்தியர் அன்ரிபயோட்டிக் தரவில்லை" என்று எம்மவர் குறைப்படுவதுண்டு. இந்த நோயில் அவர் தராமல் விடுவதற்குக் காரணம் உண்டு: அது எச்.யூ.எஸ் வரும் ஆபத்தைக் கூட்டக்கூடும். ஊரிலிருந்து கொண்டுவந்து அலுமாரியில் வைத்த குளிசைகளையும் தொடவேண்டாம். வயிற்றோட்டத்தை நிறுத்தும் மருந்து நச்சைக் குடலுக்குள்ளேயே தேக்கிவைக்கும். இபுபுறோஃபென் சிறுநீரகத்துக்குச் சுமை. ஊரில் ஜீவனி என்று கரைத்துக் குடித்தோமே, அதுபோன்ற உப்புச்சீனிக் கரைசலைக் கொடுத்து, இரத்தம் கண்ட அன்றே மலப் பரிசோதனை கேளுங்கள். ஆஸ்பத்திரியில் நாளத்தின் வழியே ஆரம்பத்திலேயே நீரேற்றினால் சிறுநீரகம் படும் பாதிப்பைக் குறைக்கலாம்.

எச்.யூ.எஸ் வந்த பிள்ளைகளில் பாதிப்பேருக்கு டயாலிசிஸ் தேவைப்படுகிறது. பலருக்கு இரத்தமும் ஏற்றுவார்கள். கேட்கவே நெஞ்சு பதறும்தான். ஆனாலும் பெரும்பாலான பிள்ளைகளின் சிறுநீரகம் சில வாரங்களில் திரும்பவும் வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது.

அரைத்த மாட்டிறைச்சி உள்ளே 71 பாகை செல்சியஸ் வரை வேகவேண்டும். நிறத்தைப் பார்த்து முடிவுசெய்ய முடியாது, வெப்பமானி தேவை. பண்ணையில் மாட்டைத் தடவிய கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவிய பிறகே பிள்ளைக்குத் தின்பண்டம் கொடுங்கள். நோயுற்ற பிள்ளையின் நப்கின் மாற்றுபவர்களும் அப்படியே, வீட்டுக்குள் ஒருவரிலிருந்து ஒருவருக்கு இது எளிதில் தொற்றும்.

எச்.யூ.எஸ் வந்து சுகமான பிள்ளைக்கு இரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் ஆண்டுதோறும் பார்க்கப்படவேண்டும். வீடு மாறி, குடும்ப வைத்தியர் மாறும்போது இந்தப் பழைய நோயை மறக்காமல் புதியவரிடம் சொல்லுங்கள்.