கறி வேகும் நேரமும் நம் பெண்களின் நேரமும்

சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை என்றால் லயம் முழுக்கக் கறி மணக்கும். மற்ற நாளில் கருவாடு, நெத்திலி, பருப்பு, தோட்டத்து ஓரம் பறித்த கீரை. நம் தாய் தந்தையர் காலத்துச் சாப்பாட்டு அட்டவணை இவ்வளவுதான். அந்த ஒரு நாள் கறியும் இலேசில் வெந்துவிடாது. நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஓர் ஆட்டை வாங்கிக் கூறு போட்டால், கழுத்தும் கெண்டைக்காலும் ஏதோ ஒரு கூறில் விழத்தானே செய்யும்! விறகை எரித்து, பிறகு தணலாக்கி, மண்சட்டியை அதன்மேல் வைத்துவிட்டுத் துணி வெளுக்கப் போய்விடுவார்கள். திரும்பி வரும்போது கறி பஞ்சாகியிருக்கும்.

இன்று கறி வாங்கக் காசு ஓரளவு இருக்கிறது. வேகவைக்கத்தான் நேரம் இல்லை. பாட்டாளிக் குடும்பங்கள் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சுங்கை பூலோவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1925இல் அமைக்கப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் பரிசோதனைத் தோட்டம் இங்கேதான் இருந்தது. நாடே போற்றிய பால்மரக் கன்றுகள் இந்த மண்ணில் சோதிக்கப்பட்டவை. அந்த நிலத்தில் இன்று குவாசா டாமன்சாரா என்ற புதிய நகரம் எழுந்துகொண்டிருக்கிறது. 2016 டிசம்பரில் எம்.ஆர்.டி. ரயிலும் ஓடத் தொடங்கிவிட்டது. பால்மரம் வெட்டிய குடும்பத்துப் பிள்ளைகள் இப்போது தொழிற்சாலையில், மருத்துவமனைத் துப்புரவில், காவல் வேலையில், கடைகளில் இருக்கிறார்கள். பெரட்டுக்கு விடியற்காலையில் போன தாய், மதியம் இரண்டு மணிக்காவது வீடு திரும்பினாள். அவள் மகளோ காலை ஏழு மணிக்குப் போனால் ஓவர்டைம் முடிந்து இரவு எட்டு மணிக்கு வருகிறாள். அதன் பிறகு இரண்டு மணி நேரம் கறி வேகவைக்க யாரால் முடியும்? "என்னா செய்யிறது அண்ணே, புள்ளைங்க பசிக்குதுங்குதே" என்று சொல்லிவிட்டு, கடையில் பொட்டலம் வாங்குகிறாள். இல்லாவிட்டால் மீயைக் கொதிக்க வைக்கிறாள். காசும் போகிறது, உடம்பும் கெடுகிறது.

இந்தச் சங்கடத்துக்கு ஒரு சிறு கைமருந்து உண்டு. ஸ்லோ குக்கர் என்கிற மின்சாரச் சட்டியைத்தான் சொல்கிறேன். பெரிய கடைகளில் பார்த்திருப்பீர்கள். உள்ளே கனத்த பீங்கான் சட்டி, வெளியே சூடேற்றும் உறை, மேலே கண்ணாடி மூடி. நம் பாட்டிமாரின் தணலடுப்பை மின்சாரத்தில் செய்தால் அதுதான் இது.

பிறந்த கதை

இந்தச் சட்டிக்குப் பின்னால் உழைப்பாளிகளின் கதை ஒன்று இருக்கிறது. ஐரோப்பாவில் யூத மக்கள் சனிக்கிழமை ஓய்வு நாளில் அடுப்பு மூட்டக் கூடாது என்பது அவர்களின் மதக் கட்டுப்பாடு. ஆகவே வெள்ளிக்கிழமை மாலையே இறைச்சி, அவரை, கிழங்கு எல்லாவற்றையும் சட்டியில் போட்டு, ரொட்டிக் கடைக்காரரின் அடுப்பில் வைத்துவிடுவார்கள். அடுப்பு ஆற ஆறக் கறி வேகும். மறுநாள் மதியம் சுடச்சுடச் சாப்பாடு. லித்துவேனியாவின் வில்னா நகரத்துப் பழக்கமான இதைத் தன் தாய் சொல்லக் கேட்ட இர்விங் நாக்சன் என்ற அமெரிக்கர், அதையே மின்சாரத்தில் செய்து 1940இல் காப்புரிமை பெற்றார். 1970இல் ரைவல் என்ற நிறுவனம் அவரிடமிருந்து அதை வாங்கி, மறு ஆண்டு 'கிராக்-பாட்' என்ற பெயரில் விற்பனைக்கு விட்டது. பெண்கள் பெருவாரியாக வெளிவேலைக்குப் போகத் தொடங்கிய காலம் அது. சட்டி விற்றுத் தீர்ந்ததில் வியப்பென்ன?

எந்தக் கறி நல்லது?

மாட்டிறைச்சி நம்மில் சிலர் வீட்டில் அடுப்பேறும். பலர் வீட்டில் ஏறாது. அது அவரவர் வழக்கம், அதில் வாதமில்லை. ஆட்டிறைச்சிக்கும் இதே முறைதான். மார்க்கெட்டில் 'டாகிங் இந்தியா' என்று குறைந்த விலையில் உறையவைத்து விற்கிறார்களே, அது எருமை இறைச்சி. நம் பாட்டன்மார் போலவே கப்பலேறி வந்தது. அவர்கள் போலவே கொஞ்சம் முரடு!

முரட்டுக் கறிதான் இந்தச் சட்டிக்கு ஏற்றது. அதிகம் உழைத்த தசையில், அதாவது கழுத்து, நெஞ்சு, கெண்டைக்கால் பகுதிகளில், கொலாஜன் என்ற நார்ப்பொருள் மிகுதி. வயதான பிராணியில் அது இன்னும் இறுகியிருக்கும். 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் நீண்ட நேரம் ஈரச் சூட்டில் இருந்தால் அந்த நார் இளகி, வழவழப்பான ஜெலட்டினாக மாறும். கறி மெத்தென்று ஆவதும் குழம்பு கெட்டியாவதும் அதனால்தான். அவசரப்பட்டுப் பெருந்தீயில் கொதிக்க விட்டால், நார் இளகும் முன்பே தசை சுருங்கிச் சாறு வெளியேறிவிடும். விலை உயர்ந்த மெல்லிய கறியில் இந்த நார் குறைவு; அதை இதில் போட்டால் சக்கையாகிவிடும். குறைந்த விலைக் கறியே நல்லது என்று சொல்லும் பாத்திரம், நம்மைப் போன்றவர்களுக்குத் தோதானதுதானே!

பச்சைப் பப்பாளிக் காய் போட்டால் கறி சீக்கிரம் வேகும் என்பது நம் வீடுகளில் தெரிந்த விஷயம். பப்பாளிப் பாலில் உள்ள பாப்பெய்ன் புரதத்தை உடைக்கும், உண்மைதான். ஆனால் எட்டு மணி நேரம் வேகும் சட்டிக்கு அது தேவையில்லை. போட்டால் கறி மாவாகிப் போகும்.

செய்முறை

ஒரு கிலோ கறி, ஐந்து பேருக்கு. மூன்றரை லிட்டர் சட்டி போதும்.

முதல் நாள் இரவே பாதி வேலையை முடித்துவிட வேண்டும். கறியைப் பெரிய துண்டுகளாக வெட்டி, மிகுதிக் கொழுப்பை நீக்கி, மூடிய பாத்திரத்தில் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். வாணலியில் எண்ணெய் விட்டு, பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, கறிவேப்பிலை தாளித்து, மூன்று பெரிய வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்குங்கள். இஞ்சி பூண்டு விழுது இரண்டு மேசைக்கரண்டி, இறைச்சிக் கறித்தூள் நான்கு மேசைக்கரண்டி, இரண்டு தக்காளி. எண்ணெய் பிரியும்வரை வதக்கி, ஆறியதும் வேறு பாத்திரத்தில் எடுத்து அதையும் குளிரில் வையுங்கள். வதக்காமல் பச்சையாகச் சட்டியில் போட்டால் மசாலா வாடை போகாது. இந்தச் சட்டி அவிக்குமே தவிர வதக்காது.

காலையில் உருளைக்கிழங்கை அடியில் போடுங்கள். கிழங்கு கறியைவிட மெதுவாய் வேகும் என்பதால் சூட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அதன்மேல் கறி, மசாலா, உப்பு. கொதிநீர் ஒரு குவளை மட்டும் ஊற்றுங்கள். மூடிய சட்டியில் ஆவி வெளியேறாது. கறியே தண்ணீர் விடும். அடுப்பில் ஊற்றுவது போல் ஊற்றினால் குழம்பு ரசமாகிவிடும். சட்டி பாதிக்குக் குறையாமலும், மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்படாமலும் இருக்கட்டும்.

புறப்படத் தயாராகும் ஒரு மணி நேரம் 'ஹை'யில் வைத்து, கிளம்பும்போது 'லோ'வுக்கு மாற்றுங்கள். ஆட்டுக்கறிக்கு ஏழு முதல் ஒன்பது மணி நேரம். மாட்டுக் கெண்டைக்கு எட்டு முதல் பத்து மணி நேரம். கிழட்டு முட்டைக்கோழிக்கு ஏழெட்டு மணி நேரம் சரி. சாதாரண பிராய்லர் கோழியை அவ்வளவு நேரம் விட்டால் நார்நாராய்ப் போகும். தேங்காய்ப்பாலைக் கடைசி அரை மணியில் சேருங்கள்; முதலிலேயே ஊற்றினால் திரிந்துவிடும். நடுவில் மூடியைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். ஒரு தடவை திறந்தால் இழந்த சூட்டைப் பிடிக்க இருபது, முப்பது நிமிடம் ஆகும்.

பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் போகிறவர்கள் என்ன செய்வது? திருகு மட்டும் உள்ள எளிய சட்டி தானாக அணையாது. அவர்களுக்கு இரவுச் சமையலே உத்தமம். இரவு ஒன்பது மணிக்கு வைத்தால் விடியற்காலை ஐந்து மணிக்குக் கறி தயார். அகலமான, தட்டையான பாத்திரங்களில் பிரித்து, சூடு தணிந்ததும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். இரவு வந்ததும் அடுப்பில் நன்றாகக் கொதிக்க வைத்துச் சாப்பிடலாம். வெந்த கறியை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடக் கூடாது.

கவனம் வேண்டும்

மெதுவாய்ச் சூடேறும் சட்டி என்பதால் சில விதிகளை மீறவே கூடாது. ஐந்து டிகிரிக்கும் அறுபது டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமிகள் வேகமாய்ப் பெருகும். ஆகவே உறைந்த கறியை அப்படியே போடாதீர்கள். முதல் நாளே குளிர்சாதனப் பெட்டியில் வைத்து இளக விடுங்கள். 'வார்ம்' என்ற அளவு வெந்ததைச் சூடாய் வைத்திருக்க மட்டுமே. அதில் பச்சைக் கறியை வைக்காதீர்கள். பழைய கறியைச் சுட வைக்கவும் இந்தச் சட்டி ஆகாது. நீங்கள் வெளியே போயிருந்த நேரத்தில் மின்சாரம் தடைப்பட்டு, எவ்வளவு நேரம் என்று தெரியாவிட்டால், மனசு வலித்தாலும் கறியைக் கொட்டிவிடுங்கள். மருத்துவமனைக்கு அலைவதைவிட அது மேல்.

காச்சாங் மேரா என்கிற சிவப்பு அவரையை நேரே இந்தச் சட்டியில் போடுவது ஆபத்து. அதில் உள்ள நஞ்சு குறைந்த சூட்டில் அழியாது. ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் அடுப்பில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்க வைத்த பிறகே சேர்க்க வேண்டும்.

வாங்கும்போது சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே நீட்டிப்பு வயரில் நாலு சாமானை மாட்டி, அதில் இதையும் மாட்டிவிட்டுப் போகாதீர்கள். சுவர்ப் பிளக்கில் தனியாக மாட்டுங்கள். குளிர்ந்த பீங்கானைச் சூட்டில் வைத்தாலும், சூடான பீங்கானில் பச்சைத்தண்ணீர் ஊற்றினாலும் வெடிக்கும்.

மின்கட்டணம் எகிறுமோ என்ற பயம் வேண்டாம். 200 வாட் சட்டி எட்டு மணி நேரம் முழுமூச்சாய் ஓடினாலும் 1.6 யூனிட்தான். உங்கள் பில்லில் ஒரு யூனிட்டுக்கு என்ன விலை என்று பார்த்துப் பெருக்கிக்கொள்ளுங்கள். வீட்டில் விசில் குக்கர் இருந்து, பக்கத்தில் நிற்க முக்கால் மணி நேரமும் இருந்தால், புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. அதிலும் கறி நன்றாகவே வேகும்.

தோட்டத்திலேயே குடியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மாலையில் சில மணி நேரம் மட்டும் ஜெனரேட்டர் ஓடிய லயங்களை நாம் பார்த்திருக்கிறோம். தொழிலாளர் குடியிருப்புக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டம், அதாவது 446ஆம் சட்டம், தண்ணீரும் மின்சாரமும் கிடைக்கச் செய்வது முதலாளியின் கடமை என்கிறது. வயரிங் பழுதாகி இருந்தால் எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டி செய்யாத வேலை

ஆண் தோழர்களே, ஒன்று கேட்கிறேன். சட்டி வேகவைக்கும், சரி. கறி வெட்டுவது யார்? வெங்காயம் உரிப்பது யார்? பீங்கானைத் தேய்ப்பது யார்? அதுவும் அவள் தலையில்தான் என்றால், இரவு எட்டு மணி வேலையைப் பதினொரு மணிக்குத் தள்ளியதுதான் மிச்சம். கூறு போட்ட காலத்தில் கறி வெட்டியது ஆண்கள்தாமே! அந்தக் கத்தியை மறுபடியும் கையில் எடுப்பதில் என்ன வெட்கம்? முதல் நாள் இரவு வேலை ஆணுக்கு, காலையில் சட்டியை மூட்டுவது பெண்ணுக்கு என்று பிரித்துக்கொண்டால் இருவருக்கும் உறக்கம் கிடைக்கும்.

இன்னொன்று. எந்தச் சட்டியும் வேலை நேரத்தைக் குறைத்துவிடாது. 2023 ஜனவரி 1 முதல் வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வழக்கமான வேலை. முன்பு அது 48. அதற்கு மேல் செய்தால் ஒன்றரை மடங்குச் சம்பளம். ஓவர்டைமுக்கும் மாதம் 104 மணி நேரம் என்று வரம்பு உண்டு. வேலை நேரத்தை மாற்றித் தரும்படி தொழிலாளி எழுத்தில் விண்ணப்பிக்கவும் இப்போது சட்டத்தில் இடமிருக்கிறது. முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். பிள்ளைக்குச் சோறு ஊட்ட நேரமில்லாத எத்தனையோ தாய்மார்களுக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது. தெரிந்தவர்கள் பக்கத்து வீட்டில் சொல்லுங்கள்.

குறைந்தபட்சச் சம்பளம் தீபகற்பத்தில் 2013இல் 900 வெள்ளியாகத் தொடங்கியது. 2025இல் அது 1,700 வெள்ளியாகியிருக்கிறது. அடிப்படைச் சம்பளம் போதாமல்தான் ஓவர்டைமுக்கு ஓடுகிறோம்; ஓவர்டைமுக்கு ஓடுவதால்தான் அடுப்படிக்கு நேரம் இல்லை. இந்த முடிச்சைச் சங்கத்தில் சேர்ந்து பேசித்தான் அவிழ்க்க வேண்டும். அதுவரை, வார நாளிலும் பிள்ளைகள் வீட்டுக் கறியும் சோறும் சாப்பிட ஒரு வழி இருக்கிறது. ஒரு புதன்கிழமை செய்து பாருங்கள். அன்றைக்காவது வீட்டில் எல்லாரும் ஒன்றாய் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.