வாக்குச்சாவடிக்கு வராத கேள்வி



2024ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் தேதி, பாராளுமன்றத் தேர்தல் நாள். கோலார் தங்கவயல், ஸ்கெலட்டன் பகுதி ஜனங்களோடு நானும் வரிசையில் நின்றேன். பெங்களூரில் தையல் ஆலைகளிலும் கட்டட வேலைகளிலும் இருக்கிற நம் பிள்ளைகள் அநேகர், வாக்களிப்பதற்கென்றே மாரிக்குப்பம் ரயிலில் வந்திருந்தார்கள். அவர்கள் பேசிக்கொண்டவை நீங்கள் அறிந்தவையே: குடிதண்ணீர், 2001இல் சுரங்கம் மூடப்பட்டது முதல் இழுபடும் வீட்டு உரிமை, வேலை, ரயில் நேரம், பெண்களுக்கு இலவசப் பேருந்து, குடும்பத் தலைவிக்கு மாதம் 2,000 ரூபாய்.

அந்த வரிசையில் ஒரு சகோதரியும் நின்றிருந்தார். அவருடைய சம்மதத்தோடும் அடையாளத்தை மறைத்தும் எழுதுகிறேன். சில மாதங்களுக்கு முன் அவர் ஒருவருக்கும் சொல்லாமல் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி உட்கொண்டு, ரயிலிலேயே உதிரப்போக்கு மிகுந்து, மரண வாசல் வரை சென்று திரும்பியவர். அவர் காரியத்தை எந்த வேட்பாளரும் பேசவில்லை. அவரும் எவரிடத்திலும் கேட்கவில்லை. வேதனையோடு சொல்லுகிறேன், அவருடைய போதகனாகிய என்னிடத்திலும் அவர் முன்னதாக வரவில்லை.

கருக்கலைப்பு என்னும் கேள்வி ஜனங்களை வாக்குச்சாவடிக்கு அழைத்து வருமா? பிற தேசங்களில் வந்திருக்கிறது. அயர்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கர்நாடகத்தின் பெலகாவியைச் சேர்ந்த பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவர், 17 வாரக் கர்ப்பிணியாக அங்குள்ள கால்வே நகர மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டார். கரு தங்காது என்று தெரிந்தும், இருதயத் துடிப்பு இருந்தபடியால் கருக்கலைப்பு மறுக்கப்பட்டது. 2012 அக்டோபர் 28 அன்று, 31ஆம் வயதில், கிருமித்தொற்றினால் அவர் மரித்தார். 2018 மே 25 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் 64 சதவீதத்திற்கு மேற்பட்டோர் வாக்களித்தனர். வெளிநாடுகளில் வேலை செய்தவர்களும் விமானம் ஏறி வந்து வாக்களித்தார்கள். கருக்கலைப்புத் தடையை நீக்க 66.4 சதவீதத்தினர் இசைந்தனர்.

அமெரிக்காவில் 2022 ஜூன் 24 அன்று, கருக்கலைப்புக்கு இருந்த அரசியல் சாசனப் பாதுகாப்பை உச்ச நீதிமன்றம் நீக்கியது. அதே ஆண்டு ஆகஸ்டு 2 அன்று, விசுவாசிகள் மிகுந்த கான்சாஸ் மாநிலத்தில் கருக்கலைப்பு உரிமையை எடுத்துப்போடும் திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. வழக்கமாக வெறிச்சோடிக் கிடக்கும் முதற்கட்டத் தேர்தலில் 9 லட்சத்திற்கு மேற்பட்டோர் திரண்டுவந்து, ஏறக்குறைய 59 சதவீத வாக்குகளால் அதைத் தள்ளினார்கள். ஆனால் 2024 நவம்பரைப் பாருங்கள். மிசௌரி மாநிலம் கருக்கலைப்பு உரிமையை ஏற்றது. அதே நாளில் டிரம்ப் அவர்களுக்கே தன் வாக்கையும் தந்தது. இதிலிருந்து நாம் அறிவது என்ன? கேள்வி தனியாக வாக்குச்சீட்டில் நிற்கும்போது ஜனங்கள் அதற்கென்றே வருகிறார்கள். கட்சிகளோடு கலந்து வரும்போது, விலைவாசியும் வேலையும் அதை முந்திக்கொள்ளுகின்றன.

நம் தேசத்தில் இத்தகைய பொதுவாக்கெடுப்பு முறை இல்லை. இந்தக் கேள்விக்காகக் கட்சிகளும் போரிட்டதில்லை. 1964இல் அமைக்கப்பட்ட சாந்திலால் ஷா குழுவின் பரிந்துரையின்மேல் 1971இல் சட்டம் வந்தது. அது மருத்துவரின் பாதுகாப்பையும் தாய்மாரின் மரணத்தையும் மனதில் கொண்டு மேலிருந்து வந்ததேயன்றி, ஜனங்கள் வீதியில் நின்று கேட்டுப் பெற்றதல்ல. கேட்டுப் பெறாததைக் காக்க ஒருவரும் வரிசையில் நிற்பதில்லை. அதைப் பற்றிப் பேச வெட்கமும் தடுக்கிறது.

எனினும் நம் ஜனங்கள் இத்தகைய காரியத்துக்காக ஒருக்காலும் வாக்களித்ததில்லை என்று எண்ணவேண்டாம். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 என்னும் ஒரே ஆண்டில், ஏறக்குறைய 82 லட்சம் கருத்தடை அறுவைச் சிகிச்சைகள் செய்யப்பட்டன. வடமாநிலங்களில் பலவந்தம் மிகுதியாயிருந்தது. 1977 தேர்தலில் வாக்குப்பதிவு 55 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாக உயர்ந்தது. உத்தரப் பிரதேசத்தின் 85 தொகுதிகளில் ஒன்றிலும் காங்கிரஸ் வெல்லவில்லை. பலவந்தம் குறைவாயிருந்த நம் கர்நாடகத்திலோ 28இல் 26 இடங்களை அதே கட்சி வென்றது. வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் அரசின் கை மனுஷனுடைய சரீரத்தைத் தொடும்போது, எழுத்தறியாதவனும் எழுந்துவந்து வாக்களிப்பான் என்பதற்கு இது சாட்சி.

ஆனால் பாடு அனுபவிப்பவள் தனிமையில் இருக்கும்போது என்ன நடக்கிறது? 2023 நவம்பரில், மண்டியா மாவட்டத்தில் வெல்லம் காய்ச்சும் ஆலை ஒன்றில் ஸ்கேன் செய்து, பெண் சிசுக்களை அழித்துவந்த கும்பலைப் பெங்களூர் போலீசார் பிடித்தனர். மூன்றாண்டுகளில் சுமார் 900 கருக்கலைப்புகள் என்று அவர்கள் கூறினார்கள். பாலினம் அறிவதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருந்தும் இது நடந்தது. வழக்கு சி.ஐ.டி. விசாரணைக்குச் சென்றது. ஐந்து மாதங்களுக்குப் பின் வந்ததே நான் மேலே சொன்ன தேர்தல். எங்கள் வரிசையில் ஒருவரும் அதை நினைவுகூரவில்லை.

பிரியமானவர்களே, கர்ப்பத்தில் உருவாகும் ஜீவன் தேவனுடைய கரத்தின் கிரியை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பார்வோனுக்குப் பயப்படாமல் பிள்ளைகளை உயிரோடே காத்த சிப்பிராளையும் பூவாளையும் பற்றி அநேகந்தரம் பிரசங்கித்திருக்கிறேன். ஆனால் அந்த மருத்துவச்சிகள் பிரசங்கம் செய்யவில்லை; பிரசவ வேதனைப்படுகிறவளின் அருகில் இருந்தார்கள். நானோ பிரசங்க பீடத்தில் கண்டித்தேன், அருகில் இருக்கவில்லை. என் கண்டிப்பு அந்தச் சகோதரியின் கருவைக் காக்கவில்லை. அவரை மருத்துவரிடம் போகாதபடி மறைந்துகொள்ளவே செய்தது.

ஆகவே சட்டம் என்ன சொல்லுகிறது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். 2021 திருத்தத்தின்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தும், 24 வாரம் வரை குறிப்பிட்ட நிலையிலுள்ள பெண்களுக்கு இரு மருத்துவர்களின் கருத்தும் வேண்டும். மணமாகாதவர்களையும் இதில் ஒதுக்கலாகாது என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வயதுவந்த பெண்ணின் சம்மதமே போதும், பெயரை வெளிப்படுத்தலாகாது. கருச்சிதைவோ கருக்கலைப்போ நேர்ந்தால் ஆறு வாரச் சம்பளத்துடன் விடுப்பு உண்டென்று சட்டம் கூறுகிறது. இதை அறியாமல் மறுநாளே தையல் இயந்திரத்தின் முன் உட்காரும் சகோதரிகள் நம் நடுவில் உண்டு. என் விசுவாசத்தில் நான் தளர்ந்து இதை எழுதவில்லை. நம் பெண்களில் ஒருத்தியும் இரகசியமாய் மரிக்கலாகாது என்றே எழுதுகிறேன்.

அடுத்த தேர்தலில் இன்ன சின்னத்துக்கு வாக்களியுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். எந்தப் போதகரும் சொல்லலாகாது. வேட்பாளர் உங்கள் வாசலுக்கு வரும்போது தண்ணீரையும் பட்டாவையும் கேளுங்கள். கூடவே இவற்றையும் கேளுங்கள்: எங்கள் அரசு மருத்துவமனையில் இரவிலும் பெண் மருத்துவர் இருப்பாரா? ஸ்கேன் நிலையங்களை யார் சோதிக்கிறார்கள்? பிள்ளை பெற முடிவுசெய்யும் ஏழைத் தாய்க்கு என்ன ஆதரவு? தாய்மாரும் தகப்பன்மாரும் சேர்ந்தே கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது வாசலில் அவர் பதிலோடு நிற்பார்.

அந்தச் சகோதரி இப்போது சுகமாயிருக்கிறார். சபையில் பெண்கள் ஜெபக் கூட்டத்துக்குப் பின் ஒரு மணி நேரம், என் மனைவியும் ஓய்வுபெற்ற செவிலியரான ஒரு தாயாரும் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருகிறார்கள். யாரும் வந்து எதையும் பேசலாம், யாரும் கடிந்துகொள்வதில்லை. முதல் மாதம் ஒருவரும் வரவில்லை. இரண்டாம் மாதம் மூன்று பேர் வந்தார்கள்.

உங்கள் சபையிலும் அப்படி ஒரு கதவு உண்டா? வாக்குச்சாவடிக்குப் போகுமுன் அதை யோசித்துப் பாருங்கள்.