ஷோரனூரில் கலைந்த உறக்கம்

மட்டாஞ்சேரியின் மிளகுக் கிடங்குகளைக் கண்டு திரும்பும் வாடிக்கையாளர்கள், தோப்பும்படியில் பழைய துறைமுகப் பாலத்தைக் கடந்தால் வெலிங்டன் தீவை அடைவர். அங்கே மட்டாஞ்சேரி ஹால்ட் என்னும் சிறு நிலையமும், அதற்கு அப்பால் கொச்சித் துறைமுக முனையமும் உள்ளன. நெடுந்தூர ரயில்கள் இங்கு வருவது நின்று ஆண்டுகள் பல ஆகிவிட்டன. சென்னையில் படுக்கை விரித்தவர் கப்பல்துறையின் வாசலில் இறங்கிய காலம் ஒன்று இருந்தது. அவ்வசதி எளிதில் வந்ததன்று.

ஷோரனூரிலிருந்து எர்ணாகுளத்திற்கு 1902இல் ரயில் வந்தது. அதன் செலவுக்காகக் கொச்சி மன்னர் ராமவர்மா, திருப்பூணித்துறை பூர்ணத்ரயீசர் கோயிலின் தங்க நெற்றிப்பட்டங்கள் 15இல் 14ஐ விற்றார் என்பது இன்றும் அவ்வூரார் பெருமையுடன் கூறும் செய்தி. நகைக் கடன் பிரிவில் பல்லாண்டு அமர்ந்த நமக்கு அதில் ஒன்று உறுத்துகிறது. அடகு வைத்திருந்தால் மீட்கும் நம்பிக்கையாவது மிஞ்சியிருக்கும்; மன்னர் விற்றேவிட்டார்.

அத்தனை கொடுத்தும் கிடைத்தது, செலவு குறைந்த மீட்டர் கேஜ் பாதையே. சென்னையிலிருந்து ஷோரனூர் வரையிலான பாதையோ 1,676 மில்லிமீட்டர் அகலமுடையது. அக்கால முதல் வகுப்புப் படுக்கைப் பெட்டியில் இக்கால நடைவழி கிடையாது. ஒவ்வோர் அறைக்கும் நேரே நடைமேடையில் திறக்கும் கதவு. பகலில் சாய்மானமாக இருக்கும் பலகையை இரவில் உயர்த்திப் பூட்டினால் மேல்படுக்கை. பணியாளருக்கு அருகில் தனி அறை. மெத்தை, தலையணை, போர்வை யாவும் பயணியே கொண்டுவர வேண்டும். இத்தனை ஏற்பாட்டோடு உறங்கியவரும் ஷோரனூரில் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வேறு ரயில் ஏறினார். படுக்கைப் பெட்டி கொச்சி வரை உருண்டுவர, 1930களில் பாதை அகலமாக்கப்படும்வரை காத்திருக்க நேர்ந்தது.

மூன்றாம் வகுப்பினருக்கு இந்தக் கவலையில்லை; அவர்களுக்குப் படுக்கையே இல்லை, அமர்ந்தபடியே விடிய வேண்டும். பின்னர் வந்த படுக்கைகளும் வெறும் மரப்பலகைகளே. 1977இல் ரயில்வே அமைச்சரான மது தண்டவதேயின் காலத்தில்தான் இரண்டாம் வகுப்புப் பலகைகள் மீது 2 அங்குல நுரைமெத்தை ஏறத் தொடங்கியது.

அதற்குமுன் பயணம் செய்த நம் தந்தையாரின் ஹோல்டால் இன்னும் வீட்டுப் பரணில் கிடக்கிறது. தோல்வார்கள் விறைத்துவிட்டன. உள்ளே ஒரு ஜமக்காளமும், காற்றை ஊதி நிரப்பும் ரப்பர் தலையணை ஒன்றும் உள்ளன. தலையணையில் காற்று நிற்பதில்லை.