மலைக்காடும் நம் வீட்டுக் குடமும்



விடுமுறை வந்தால் நம் பங்கின் இளையோரும் மறைக்கல்வி மாணவர்களும் செண்பகத்தோப்புக்கோ அய்யனார் அருவிக்கோ போக விரும்புகிறார்கள். சூலக்கரையின் வெயிலில் வாழும் நமக்கு மர நிழலும் ஓடுகிற தண்ணீரும் பெரிய கொடைதான். போய் வருவது நல்லது. ஆனால் அங்கே நாம் பார்க்கப் போவது என்ன என்பதைப் புரிந்துகொண்டு போவது இன்னும் நல்லது.

திருவில்லிபுத்தூருக்கு மேற்கே உள்ள மலைக்காடு 1988-ஆம் ஆண்டு சாம்பல் நிற அணில்கள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு சுமார் 485 சதுர கிலோமீட்டர். 2021-இல் மேகமலையோடு சேர்த்து இது புலிகள் காப்பகமாகவும் ஆனது. இந்தப் பெரிய அணில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழ்கிறது. இது தரைக்கு வருவது அரிது. மரத்திலேயே கூடு கட்டி, கிளைக்குக் கிளை தாவி வாழ்கிறது. கிளைகள் ஒன்றோடொன்று தொட்டு நிற்கிற முதிர்ந்த காடு இருந்தால்தான் அதற்கு வாழ்வு. நடுவில் சில மரங்களை வெட்டிவிட்டாலும் அது தரையில் இறங்க நேரும். பிற விலங்குகளுக்கு இரையாகிவிடும்.

அணிலுக்கு மட்டுமல்ல, நமக்கும் அந்தக் காடுதான் வாழ்வு. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலை கேரளப் பக்கமே இறக்கிவிடுகிறது. கிழக்கே உள்ள நம் கரிசல் பூமி மழை மறைவுப் பகுதி. மலையில் பெய்கிற மழையைக் காட்டின் உதிர்ந்த இலைகளும் வேர்களும் பிடித்துவைத்து, சிறிது சிறிதாக ஓடைகளில் விடுகின்றன. அந்த ஓடைகள் சேர்ந்தே அர்ச்சுனா நதியும் வைப்பாறும் உருவாகின்றன. வத்திராயிருப்புப் பக்கம் உள்ள பிளவக்கல் அணைகளும், நமக்கு அருகில் உள்ள ஆனைக்குட்டம் அணையும் இந்த நீரை நம்பித்தான் இருக்கின்றன. மரம் போனால் மழைநீர் மண்ணை அரித்துக்கொண்டு ஒரே நாளில் ஓடிவிடும்.

தண்ணீர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நம் மக்களின் வரலாறே சொல்கிறது. மழை பொய்த்து வெள்ளாமை கைவிட்டபோது குடும்பங்கள் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளை நாடின. 1920-களில் தொடங்கிய அந்தத் தொழில் பல வீடுகளில் அடுப்பு எரிய வைத்தது. வெடி விபத்துகளில் பல வீடுகளில் விளக்கையும் அணைத்தது. பூமிக்கு வரும் கேடும் ஏழைக்கு வரும் கேடும் வேறு வேறல்ல என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் தம் 'இறைவா, உமக்கே புகழ்' சுற்றுமடலில் கற்பித்தார். அது நமக்குத் தூரத்துப் பாடம் அல்ல.

விவிலியமும் இதையே சொல்கிறது. நிலத்தைப் பண்படுத்தவும் காக்கவும் மனிதனை ஆண்டவர் ஏற்படுத்தினார் (தொநூ 2:15). ஒரு நகரை முற்றுகையிடும் போர்க் காலத்திலும் அதன் கனிமரங்களை வெட்டக் கூடாது என்பது இஸ்ரயேலுக்குத் தரப்பட்ட சட்டம் (இச 20:19). போருக்கே இந்த வரம்பு என்றால், நம் பொழுதுபோக்குக்கு வரம்பு வேண்டாமா?

காட்டைக் காப்பது திருச்சபைக்கு அந்நியமான வேலை அல்ல. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 300 அடிக்கும் மேல் உயர்ந்த, ஆயிரம் ஆண்டுகளைக் கடந்த செம்மரங்கள் பலகைக்காக வெட்டப்பட்டு வந்தன. அவற்றைக் காக்க எழுந்த இயக்கத்தில் சேசு சபைக் குருவும் சாந்தா கிளாரா கல்லூரித் தலைவருமான இராபர்ட் கென்னா சேர்ந்து, சட்டமன்ற உறுப்பினர்களிடம் வாதாடினார். 1902-இல் 'பிக் பேசின்' மாநிலப் பூங்கா உருவானது. 2020 ஆகஸ்டில் மின்னலால் மூண்ட பெருந்தீ அந்தப் பூங்காவையே எரித்தது. ஆனாலும் கருகிய செம்மரங்களில் பெரும்பாலானவை மீண்டும் துளிர்த்தன. 2022-இல் பூங்கா திறக்கப்பட்டபோது, காரில் வருவோர் முன்பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டுப்பாடு வந்தது. தங்கள் மகிழ்ச்சியைவிட மரங்களின் நலம் பெரிது என்பதற்கு அங்குள்ள மக்கள் பழகிக்கொண்டார்கள்.

நாமும் பழகலாம். வனத்துறை அனுமதிக்கும் இடத்துக்கு, அனுமதிக்கும் நேரத்தில் மட்டும் செல்வோம். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழகத்தில் 2019 முதல் தடை உள்ளது. சாப்பாட்டைத் தூக்குவாளியில் கொண்டுபோவோம். ஓடையில் சோப்பும் ஷாம்பும் வேண்டாம். காட்டுக்குள் அடுப்பு மூட்ட வேண்டாம். ஒரு பொறி என்ன செய்யும் என்று நம் மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒலிபெருக்கியை விட்டுவிட்டு, பத்து நிமிடம் மௌனமாக அமர்ந்து திருப்பாடல் 104-ஐ வாசிப்போம்.

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 4 வரை படைப்பின் காலம். அந்த நாள்களில் அன்பியக் கூட்டங்களில் ஒரு கேள்வியைப் பகிர்ந்துகொள்வோம்: நம் வீட்டுக் குடத்தில் நிற்கும் தண்ணீர் எங்கிருந்து வந்தது? அந்த இடத்துக்கு நாம் என்ன திருப்பித் தருகிறோம்?

படைத்துக் காக்கும் இறைவன் நம் மலைகளையும் நம் மக்களையும் ஆசீர்வதிப்பாராக!