பஞ்சுக் கவசமும் பிரம்பு வாளும்

இராஜபாளையம் என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு வெள்ளை வெளேரென்ற வேட்டை நாய்தான் ஞாபகத்துக்கு வரும். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றாலோ, ஆண்டாளும் அவள் கைக்கிளியும், 11 நிலைக் கோபுரமும், அப்புறம் சந்தேகமில்லாமல் பால்கோவாவும் நினைவுக்கு வரும். இந்த ஊர்களைச் சுற்றியுள்ள சீமை ஒரு காலத்தில் யுத்த பூமியாக இருந்தது என்று யாராவது சொன்னால், "பால்கோவாவுக்காகச் சண்டை போட்டார்களா?" என்று கேட்கத் தோன்றும்.

ஆனால் விஷயம் உண்மைதான். மேற்கு மலைத் தொடரின் அடிவாரத்தை ஒட்டிச் சேற்றூர், சிவகிரி, வாசுதேவநல்லூர், நெற்கட்டுஞ்செவல் என்று வரிசையாகப் பாளையங்களும் கோட்டைகளும் இருந்தன. 1755-இல் கும்பெனிப் படை நெற்கட்டுஞ்செவலுக்கு வந்து பூலித்தேவரிடம் கப்பம் கேட்டு, கிடைக்காமல் திரும்பிப் போயிற்று. 1759-இல் யூசுப் கான் வாசுதேவநல்லூர்க் கோட்டையைத் தாக்கினான். அந்த மண் கோட்டையை அப்போது அவனால் பிடிக்க முடியவில்லை. 1761-இல்தான் அது அவன் கையில் சிக்கிற்று.

அந்தப் போர்களில் நம்மவர்கள் என்ன ஆயுதம் பிடித்தார்கள்? எப்படிப் பிடித்தார்கள்? எதை உடுத்திக் கொண்டு களத்தில் நின்றார்கள்? இந்தக் கேள்விகளைப் புத்தகத்தில் படித்து மட்டும் தெரிந்து கொள்ள முடியாது. ஆயுதத்தைச் செய்து, கையில் பிடித்து, ஒருவர் எதிரே ஒருவர் நின்று பார்த்தால்தான் தெரியும். பழைய காலத்துப் போரை அந்தக் காலத்து ஆயுத மாதிரிகளைக் கொண்டு நடித்துக் காட்டும் கலை உலகத்தில் பல தேசங்களில் இப்போது வளர்ந்து வருகிறது. நமக்கு அதனால் என்ன பயன் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

மழையில் நனைந்த மாவீரர்கள்

இந்தக் கலையின் ஆரம்பம் கொஞ்சம் ஹாஸ்யமானது. 1839-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் ஸ்காட்லாந்தில் எக்ளிண்டன் பிரபு என்பவர், பழைய காலத்து வீரர்களைப் போல் இரும்புக் கவசம் அணிந்து குதிரைமேல் ஏறி ஈட்டிப் போர் செய்யும் விழா ஒன்றை ஏற்பாடு செய்தார். கவசங்கள் தயாராயின. பெரிய மனிதர்கள் பல மாதம் ஒத்திகை பார்த்தார்கள். ஜனங்கள் ஆயிரக் கணக்கில் கூடினார்கள். அந்தச் சமயம் பார்த்து வருண பகவான் கருணை புரிந்தார்! முதல் நாள் கொட்டிய மழையில் களம் சேறாயிற்று. இரும்புக் கவச மாவீரர்களுக்கு நடுவே குடைகள் பூத்தன. உலகம் சிரித்தது.

ஆனால் ஆசை மழையில் கரைந்து போகவில்லை. 1966-ஆம் வருஷம் மே மாதம் முதல் தேதி, அமெரிக்காவில் பெர்க்கிலி நகரத்தில் ஒரு வீட்டுக் கொல்லையில் சில வாலிபர்களும் பெண்களும் கூடி, பழைய பாணியில் வாள் விளையாட்டு நடத்தினார்கள். அது பெரிய சங்கமாக வளர்ந்தது. 2010-இல் உக்ரேன் தேசத்தில் ஹோத்தின் கோட்டையில், கூர் மழுக்கிய உண்மையான எஃகு வாள்களைக் கொண்டு பல தேசத்தார் மோதும் பந்தயமே ஆரம்பமாயிற்று.

இதில் நமக்கு முக்கியமான செய்தி ஒன்று உண்டு. மேற்படி அமெரிக்கச் சங்கத்தார் வாளுக்குப் பதிலாக எதைப் பிடிக்கிறார்கள் தெரியுமா? பிரம்பு! ஒன்றேகால் அங்குலத்துக்குக் குறையாத கனமுள்ள பிரம்பு. வேறு மரத்தில் செய்த வாள் ஓங்கி அடித்தால் ஒடிந்து முனை தெறிக்கும். மூங்கில் உள்ளே கூடாக இருப்பதால் பிளந்து, கத்தி போன்ற சிம்பாகிக் கண்ணைக் குத்தும். பிரம்போ உள்ளே கெட்டி. நார் நாராக நைந்து போகுமே தவிர, கூராக ஒடியாது. இதை அவர்கள் பல சோதனைகள் செய்து கண்டுபிடித்தார்கள். நமது சிலம்ப வாத்தியார்களுக்கோ பிரம்பின் குணம் பரம்பரையாகத் தெரிந்த சமாசாரம். அந்தப் பிரம்புக் கொடியும் நம் மேற்கு மலைக் காடுகளில் வளர்வதுதான்.

பஞ்சுக்கும் போருக்கும் உறவு

கவசம் என்றால் நாடக மேடையிலும் திரையிலும் பளபளக்கும் பித்தளைத் தகடுதான் நம் மனக்கண் முன் வருகிறது. சித்திரை வெயிலில் அப்படி ஒரு தகட்டை மார்பில் கட்டிக் கொண்டு சாத்தூர்க் கரிசலில் அரை நாழிகை நின்று பாருங்கள். எதிரி வரவேண்டிய அவசியமே இருக்காது!

நம் தேசத்தில் கவசம் வேறு விதமாக வளர்ந்தது. கிருஷ்ணதேவ ராயர் காலத்தில், 1520-ஐ ஒட்டி, விஜயநகரத்துக்கு வந்த தொமிங்கோ பயஸ் என்ற போர்த்துகீசியர் மகாநவமிப் படைக் காட்சியை நேரில் கண்டு எழுதி வைத்திருக்கிறார். குதிரை வீரர்கள் அடுக்கு அடுக்காக வைத்துத் தைத்த அங்கி அணிந்திருந்தார்கள். மேலே பட்டும் வெல்வெட்டும், உள்ளே கெட்டியான தோல் அடுக்குகள், அவற்றோடு சேர்ந்த இரும்புத் தகடுகள். தலையணியும் அதே மாதிரி தைத்தது. கழுத்தை மறைக்க அதற்கு ஓரம் உண்டு. பிற்பாடு மைசூரில் திப்பு சுல்தான் காலத்திலும் பஞ்சு வைத்துத் தைத்த தலையணிகளும் அங்கிகளும் வழங்கின. அவற்றில் சில இன்று இங்கிலாந்துப் பொருட்காட்சி சாலைகளில் இருக்கின்றன.

"பஞ்சு வாளைத் தடுக்குமா?" என்று நேயர்கள் கேட்கலாம். ஒரு பஞ்சுப் பொதி தடுக்காதுதான். ஆனால் துணியையும் பஞ்சையும் மாற்றி மாற்றி அடுக்கி, விரற்கடை விரற்கடையாக நெருக்கித் தையல் ஓட்டினால், அது பலகை போல் இறுகி விடும். வெட்டும் வாள் ஒவ்வொரு அடுக்கையும் அறுக்க வேண்டும்; அதற்குள் வேகம் குறைந்து விடும். அடியின் அதிர்ச்சி ஓரிடத்தில் இறங்காமல் பரவிப் போகும். ஐரோப்பாவிலும் சாதாரணக் காலாட்களில் பலருக்கு இரும்பு கிடையாது. பல மடிப்பாகத் தைத்த துணி அங்கிதான். இரும்புக் கவசம் அணிந்த பிரபுவும் அதற்கு அடியில் இப்படி ஓர் அங்கி போட்டுக் கொள்ளாமல் களத்தில் இறங்க மாட்டார்.

இங்கேதான் இராஜபாளையம் வருகிறது. விஜயநகர காலத்தில் ஆந்திர நாட்டிலிருந்து தெற்கே வந்து குடியேறிய ராஜுக்கள் பெயரால் விளங்கும் ஊர் அது. அந்த ஊர் இன்று பஞ்சுக்கும் நூலுக்கும் பிரசித்தமானது. 1936-இல் ஏற்பட்ட ராஜபாளையம் மில்லுக்குப் பிறகு நூற்பாலைகள் பெருகின. பக்கத்துச் சத்திரப்பட்டியில் காயத்துக்குக் கட்டும் பாண்டேஜுத் துணி நெய்கிறார்கள். காயம் பட்ட பிறகு கட்டும் துணியை நெய்யும் சீமை, காயமே படாமல் காக்கும் அங்கியைத் தைக்க முடியாதா? பஞ்சும் இருக்கிறது, தறியும் இருக்கிறது, தையல்காரரும் இருக்கிறார். சோழர் கல்வெட்டுகளில் கைக்கோளப் படை பேசப்படுகிறது. அந்தக் கைக்கோளர் மரபினரே நெசவாளராகவும் விளங்கினார்கள். தறிக்கும் வாளுக்கும் நம் நாட்டில் உறவு புதிதல்ல.

கொல்லன் உலையில்

வாளுக்கு வருவோம். தென்னாட்டு உருக்கின் பெருமை உலகறிந்தது. இரும்பைச் சிறு துண்டாக்கி, ஆவாரம் விறகும் எருக்கிலையும் சேர்த்து, மண் மூசையில் அடைத்து, வாயைக் களிமண்ணால் பூசி உலையில் ஊதினார்கள். விறகிலுள்ள கரி இரும்பில் ஏறி அது உருக்காயிற்று. 1795-இல் லண்டன் ராயல் சங்கத்தில் இதைப் பற்றி ஒரு விஞ்ஞானி கட்டுரை படித்தார். பிற்பாடு பாரடே போன்ற மேதாவியே இந்த உருக்கைச் சோதித்துப் பார்த்தார்.

போர் விளையாட்டுக்கு வேண்டிய வாள் வேறு. அது வெட்டக் கூடாது. ஆனால் ஒடியவும் கூடாது. ஒடிந்த துண்டு பறந்து போய்ப் பார்ப்பவர் மேல் விழுந்தால் விளையாட்டு வினையாகி விடும். ஆகையால் வில் போல் வளைந்து நிமிரும் எஃகு வேண்டும். நம் ஊர்க் கொல்லர்கள் அரிவாள் அடிக்கப் பழைய லாரிகளின் வில்பட்டையைத்தான் தேடுகிறார்கள். அதுவே இதற்கும் ஏற்றது. தோய்ச்சலில்தான் சூக்ஷ்மம் இருக்கிறது. பழுக்கக் காய்ச்சிய இரும்பைச் சட்டென்று ஆற்றினால் கண்ணாடி போல் கடினமாகும். தரையில் விழுந்தாலும் உடைந்து விடும். மறுபடி இளஞ்சூட்டில் பதம் காட்டினால்தான் கடினமும் நெகிழ்ச்சியும் சேர்ந்து வரும். அரிவாளுக்கு விளிம்பு மட்டும் கடினமாக இருந்தால் போதும். விளையாட்டு வாளுக்கோ உடல் முழுதும் ஒரே பதம் வேண்டும். விளிம்பு ஒரு காசின் கனமாவது இருக்க வேண்டும். முனை உருண்டையாக இருக்க வேண்டும்.

பிடியும் வளைவும் எப்படி இருக்க வேண்டும் என்று தெரிய வேண்டுமானால் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலுக்குப் போங்கள். அங்கே விஜயநகர, நாயக்கர் காலத்துத் தூண்களில் வாளும் கொம்பும் ஏந்திய வீரபத்திரரைக் காணலாம். நடுகற்களில் இருக்கும் வீரர்களும் வாளும் கேடயமுமாக நமக்குப் பாடம் சொல்லக் காத்திருக்கிறார்கள்.

மணி கட்டிய வேல்

எல்லாவற்றிலும் ஆச்சரியமானது இந்தச் சீமைக்கே உரிய ஆயுதம் ஒன்று. கும்பெனியின் சரித்திராசிரியரான ராபர்ட் ஆர்ம், திருநெல்வேலிச் சீமையின் மேற்குக் காட்டோர வீரர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒவ்வொருவனும் எப்போதும் வாளும் கேடயமும் தரித்திருப்பான். ஆனால் படையில் முதல் மரியாதை வேல்காரர்களுக்குத்தான். அந்த வேலின் நீளம் 18 அடி! முனைக்குக் கீழே சிவப்புக் குதிரை மயிர்க் குஞ்சம். குதிரைப் படையைத் தாக்கப் போகும்போது சிறு மணி ஒன்றும் கட்டிக் கொள்வார்கள். நெருக்கமாகத் திரண்டு, நீண்ட நிதானமான அடி வைத்து, வேல்களை முன்னே சாய்த்து உயரப் பிடித்துக் கொண்டு வருவார்கள். வேல்கள் துவளும், முனைகள் மின்னும், மணிகள் ஒலிக்கும். குதிரைகள் மிரண்டு போகும் என்கிறார் அவர்.

மூன்று ஆள் உயரமுள்ள கோலைத் தனி ஒருவன் சுழற்ற முடியாது. பக்கத்திலிருப்பவன் அடியோடு தன் அடியும் சேர்ந்தால்தான் அது ஆயுதம். இல்லாவிட்டால் வெறும் பாரம். எதிரிகளே வியந்து எழுதிய அந்த ஒழுங்கு எப்படி வந்தது என்பதை, ஐம்பது வாலிபர்கள் முனையில் தோல் பந்து கட்டிய 18 அடி மூங்கிலைப் பிடித்து ஒரு மைதானத்தில் நடந்து பார்த்தால் கண்ணெதிரே காணலாம்.

பறிபோன கை

இந்த வித்தை ஏன் மறைந்தது? தானாக மறையவில்லை. பாஞ்சாலங்குறிச்சியும் மருது சகோதரர்களும் வீழ்ந்த பிறகு, 1801 டிசம்பரில் கவர்னர் கிளைவ் பிரபு விளம்பரம் ஒன்று வெளியிட்டார். பாளையக்காரர்களின் சீமைகளில் ஆயுதம் தரிப்பது குற்றமாயிற்று, கோட்டைகள் இடிக்கப்பட்டன. கர்னல் வெல்ஷ் என்ற ஆங்கிலேயர் தமக்கு வேல் எறியவும் வளரி வீசவும் முதலில் கற்றுக் கொடுத்தவர் சின்ன மருதுதான் என்று 1830-இல் வெளியிட்ட நூலில் எழுதினார். குருவைத் தூக்கிலிட்ட பிறகு சிஷ்யர் எழுதிய நன்றி அது! 1863-இல் தஞ்சாவூர் அரண்மனை ஆயுத சாலையில் இருந்த ஆயுதங்களில் சிலவற்றைச் சென்னைப் பொருட்காட்சி சாலைக்குப் பொறுக்கி எடுத்துக் கொண்டு, மிச்சத்தை உடைத்துப் பழைய இரும்பாக்கினார்கள். 1878-இல் ஆயுதச் சட்டம் தேசம் முழுவதற்கும் வந்தது.

ஆயுதம் போனால் செய்யும் கையும் போகும். வீசும் கையும் போகும். தப்பிப் பிழைத்தது சிலம்பம் ஒன்றுதான். ஊன்றுகோலைச் சட்டம் என்ன செய்யும்? திருவிழாவில் ஆட்டம் என்ற பெயரில் வாத்தியாரிடமிருந்து சிஷ்யனுக்கு அது வந்து சேர்ந்தது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம் பெற்றது.

அந்த ஒரு கோலிலிருந்து மற்றவற்றை மீட்கலாம். முதலில் ஆறு மாதம் சிலம்பக் காலடி. பிறகு பிரம்பு வாளும் தோல் கேடயமும். பஞ்சு அங்கியும் தலைக் கவசமும் இல்லாமல் ஒருவரும் களத்தில் இறங்கக் கூடாது. வளரியை மனிதர் மேல் ஒருபோதும் வீசக் கூடாது; வைக்கோல் பொம்மையே போதும். கூரான ஆயுதம் எதுவும் விளையாட்டில் தலை காட்டக் கூடாது. அதற்குத் தேச சட்டமும் இடம் தராது.

"இந்தக் காலத்தில் வாள் எதற்கு?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பது நியாயம். யாரையும் வெட்டுவதற்கு அல்ல. நெற்கட்டுஞ்செவலில் நின்றவர்கள் வெறும் ஆவேசக் கூட்டம் அல்ல, பயின்று தேர்ந்த படை என்பதை நம் பிள்ளைகள் தங்கள் தோளாலும் காலாலும் அறிந்து கொள்வதற்குத்தான். அடுத்த முறை ஆண்டாளைச் சேவிக்கப் போகும்போது, பிரசாதம் வாங்கின கையோடு அந்தத் தூண்களருகே குழந்தைகளை அழைத்துப் போய், வீரபத்திரர் வாளை எப்படிப் பிடித்திருக்கிறார் என்று காட்டுங்கள். மற்றதை அவர்களே கேட்பார்கள்.