செல்லுலார் சிறை ஒலி-ஒளிக் காட்சி

செல்லுலார் சிறை ஒலி-ஒளிக் காட்சி என்பது அந்தமான் தீவுகளின் தலைநகரான ஸ்ரீ விஜயபுரத்தில் (2024 வரை போர்ட் பிளேர்) உள்ள செல்லுலார் சிறையின் முற்றத்தில் மாலை நேரங்களில் நடத்தப்படும் வரலாற்று நிகழ்ச்சி ஆகும். பிரித்தானியர் ஆட்சியில் இங்கு அடைக்கப்பட்ட விடுதலைப் போராட்ட வீரர்கள் அடைந்த துன்பங்களை இது நாடக முறையில் எடுத்துரைக்கின்றது. பதிவு செய்யப்பட்ட குரல்களும் இசையும், கட்டடத்தின் மீது மாறி மாறி விழும் ஒளியுமே கதையை நடத்திச் செல்கின்றன. முற்றத்தில் நிற்கும் அரசமரம் கதைசொல்லியாக அமைக்கப்பட்டிருப்பது குறிப்பிடத்தக்கது. அம்மரத்தின் குரலாக ஒலித்தது இந்தித் திரைப்பட நடிகர் ஓம் பூரியின் குரல் ஆகும்.

ஒரு நகரத்தின் கொடிய கடந்த காலத்தை இருட்டில் வைத்துக் காட்டும் நிகழ்ச்சிகள் உலகில் வேறு பலவும் உண்டு. அவற்றுள் சில அச்சுறுத்தி மகிழ்விப்பதையே நோக்கமாகக் கொண்டவை. கொடுமை நிகழ்ந்த அதே இடத்தில், அதே சுவர்களைக் கொண்டு நடத்தப்படுவதால் இக்காட்சி அவற்றிலிருந்து வேறுபடுகின்றது.

காட்சி வகை

ஒலி-ஒளிக் காட்சி என்னும் வடிவம் பிரான்சு நாட்டில் தோன்றியது. 1952ஆம் ஆண்டு ஷாம்போர் அரண்மனையில் பால் ரொபேர்-ஊதென் என்பவர் முதல் காட்சியை அமைத்தார். இவர் புகழ்பெற்ற மாயவித்தைக் கலைஞர் ரொபேர்-ஊதெனின் வழிவந்தவர். இந்தியாவில் தில்லி செங்கோட்டையில் 1965ஆம் ஆண்டிலும், மதுரை திருமலை நாயக்கர் அரண்மனையில் 1981ஆம் ஆண்டிலும் இவ்வகைக் காட்சிகள் தொடங்கப்பட்டன.

பழைய கட்டடம் தானாகப் பேசுவதில்லை. பெரம்பலூர் மாவட்டத்திலுள்ள ரஞ்சன்குடிக் கோட்டையின் மதிலில் ஏறி நிற்பவருக்குக் கல்லும் வெளியும் தெரியும். 1751இல் அப்பகுதியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இரு நவாபுகளின் பக்கம் நின்று மோதிக்கொண்டது தெரியாது. அந்தக் குறையை நிரப்புவதே ஒலி-ஒளிக் காட்சியின் வேலை. யார் பேச வேண்டும், எதைப் பேச வேண்டும் என்பதைக் காட்சியை அமைப்பவரே முடிவு செய்கிறார் என்பதையும் இங்கு கருத வேண்டும்.

சிறையின் அமைப்பு

காட்சியைப் புரிந்துகொள்ளக் கட்டடத்தின் அமைப்பை அறிவது தேவை. 1896இல் தொடங்கி 1906இல் கட்டி முடிக்கப்பட்ட இச்சிறைக்கான செங்கற்கள் பர்மாவிலிருந்து கொண்டுவரப்பட்டன. கட்டியவர்களும் கைதிகளே. நடுவில் ஒரு காவல் கோபுரமும், மிதிவண்டிச் சக்கரத்தின் ஆரங்களைப் போல அதிலிருந்து பிரிந்து செல்லும் ஏழு மூன்று மாடிச் சிறகுகளும் இருந்தன. இதனால் கோபுரத்தில் நிற்கும் சில காவலர்களே சிறை முழுவதையும் கண்காணிக்க முடிந்தது.

மொத்தம் 693 அறைகள். ஒவ்வொன்றும் சுமார் 13½ அடி நீளமும் 7 அடி அகலமும் கொண்டது. ஓர் ஆளுக்கு ஓர் அறை என்பதால்தான் 'சிற்றறை' எனப் பொருள்படும் பெயர் ஏற்பட்டது. ஒரு சிறகின் அறை வாயில்கள் அடுத்த சிறகின் பின்சுவரை நோக்கியே அமைந்திருந்தன. எனவே ஒரு கைதி மற்றொரு கைதியின் முகத்தைக் காணவோ, அவருடன் பேசவோ வழியில்லை. ஒருவர் குரல் மற்றவருக்கு எட்டக்கூடாது என்று திட்டமிட்டுக் கட்டப்பட்ட இடத்தில், இன்று குரலைக் கொண்டே கதை சொல்லப்படுகின்றது.

கதைப் பொருள்

1857 எழுச்சியை அடுத்து, 1858 மார்ச் 10 அன்று ஜே. பி. வாக்கர் என்னும் அதிகாரி 200 கைதிகளுடன் இங்கு வந்திறங்கியதுடன் தண்டனைக் குடியேற்றம் தொடங்குகின்றது. கடல் கடந்து அனுப்பப்படுவது திரும்பி வர இயலாத தண்டனையாகக் கருதப்பட்டதால் 'காலாபானி' (கறுப்பு நீர்) என்ற பெயர் நிலைத்தது.

காட்சியில் ஒலிக்கும் வரலாறு பெரும்பாலும் அரசியல் கைதிகளுடையது. அலிப்பூர் குண்டு வழக்கில் தண்டிக்கப்பட்ட பரீந்திர குமார் கோஷ், உல்லாஸ்கர் தத் ஆகியோர் 1909இல் இங்கு கொண்டுவரப்பட்டனர். விநாயக் தாமோதர் சாவர்க்கர் 1911 முதல் 1921 வரை இங்கு இருந்தார். தலைமைச் சிறையலுவலர் டேவிட் பாரியின் கீழ் இருந்த வேலைகளுள் கொடியது செக்கிழுத்தல். மாட்டுக்குப் பதிலாகக் கைதியைப் பூட்டி, நாளொன்றுக்கு 30 பவுண்டு (ஏறக்குறைய 13½ கிலோ) தேங்காய் எண்ணெய் கேட்டனர். அளவு குறைந்தால் கைவிலங்கிட்டு நிற்க வைத்தனர், அல்லது கசையடி கொடுத்தனர். இந்து பூஷண் ராய் 1912இல் தம் அறையில் தூக்கிட்டு இறந்தார். அதே ஆண்டு, கைவிலங்கில் தொங்கவிடப்பட்ட உல்லாஸ்கர் தத் மனநலம் குன்றினார்.

1933 மே மாதம் கைதிகள் உண்ணாநோன்பு தொடங்கினர். அவர்களின் கோரிக்கைகள் படிக்க வெளிச்சம், நல்ல உணவு, புத்தகம் போன்றவையே. மூக்கின் வழியே குழாய் செலுத்திப் பால் புகட்டியபோது அது நுரையீரலுக்குள் சென்றதால் பகத் சிங்கின் தோழர் மகாவீர் சிங் மே 17 அன்று இறந்தார். மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மொய்த்ரா ஆகிய இருவரும் அம்மாத இறுதிக்குள் இறந்தனர். 1937இல் நடந்த இரண்டாவது பெரும் உண்ணாநோன்பின் பின்னரே அரசியல் கைதிகள் தாய்நிலத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். இப்பணி 1938 சனவரியில் நிறைவுற்றது.

லண்டன் டஞ்சன்

ஒப்பீட்டுக்கு லண்டன் டஞ்சன் என்னும் காட்சிக்கூடத்தைக் கூறலாம். 1970களில் அனபெல் கெட்டெஸ் என்ற பெண்மணியால் மெழுகுப் பொம்மைகளைக் கொண்டு தொடங்கப்பட்ட இது, பின்னர் நடிகர்கள் பங்கேற்கும் நிகழ்ச்சியாக மாறியது. 2013இல் தேம்ஸ் நதிக்கரையிலுள்ள கவுண்டி ஹால் கட்டடத்திற்கு இடம் பெயர்ந்தது. 1665ஆம் ஆண்டின் கொள்ளைநோயும், கொலையாளி ஜாக் த ரிப்பரும், கற்பனைப் பாத்திரமான நாவிதர் சுவீனி டாடும் அங்கு ஒரே வரிசையில் வருகின்றனர். பார்வையாளர்கள் அலறுவார்கள், உடனே சிரிப்பார்கள். நெடுங்காலம் கடந்துவிட்டதால் அங்கு துன்பம் கேளிக்கையாகிவிட்டது எனலாம்.

செல்லுலார் சிறையில் அவ்வாறு சிரிக்க இடமில்லை. மூன்று பேரை ஒருசேரத் தூக்கிலிடக்கூடிய அறை முற்றத்திலேயே உள்ளது. எனினும் நாடகத்தின் கருவிகள் இரண்டிற்கும் பொதுவானவையே. இருட்டு, திடீர் ஓசை, வில்லனின் குரல் ஆகியன இங்கும் பயன்படுகின்றன.

காட்சிக்கு அப்பால்

இவ்விடத்தின் வரலாறு ஒரு மாலைக் காட்சியில் அடங்குவதன்று. குடியேற்றத்தை எதிர்த்து 1859 மே மாதம் பெரிய அந்தமானியப் பழங்குடியினர் நடத்திய அபர்தீன் போர் இச்சிறைக்கு முற்பட்டது. 1942 மார்ச் முதல் 1945 வரை நீடித்த சப்பானிய ஆக்கிரமிப்பில், ஒற்றர் என்ற ஐயத்தின் பேரில் தீவு மக்களே இங்கு அடைக்கப்பட்டனர். மருத்துவர் திவான் சிங் 1944 சனவரியில் சித்திரவதையால் இறந்தார். அம்மாதம் 30ஆம் நாள் ஹம்ப்ரிகஞ்ச் என்னுமிடத்தில் 44 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

ஏழு சிறகுகளுள் இன்று எஞ்சியிருப்பவை மூன்று. மற்றவை நிலநடுக்கத்தாலும், சப்பானியர் காலத்திலும், விடுதலைக்குப் பின்னரும் இல்லாமற்போயின. அவ்வளாகத்தில் கோவிந்த் வல்லப பந்த் மருத்துவமனை எழுந்தது. முன்னாள் கைதிகள் எதிர்ப்புத் தெரிவித்ததாலேயே எஞ்சிய பகுதி காப்பாற்றப்பட்டது. 1979 பிப்ரவரி 11 அன்று பிரதமர் மொரார்ஜி தேசாய் இதைத் தேசிய நினைவகமாக அறிவித்தார். அவர்கள் வற்புறுத்தாதிருந்தால் ஒளி விழுவதற்குச் சுவரே இருந்திருக்காது.

தமிழகத் தொடர்பு

நகரின் புதிய பெயர் சோழர் வரலாற்றை ஒட்டியது. அரியலூர் மாவட்டத்திலுள்ள கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராகக் கொண்ட முதலாம் இராசேந்திர சோழன், 1025ஆம் ஆண்டளவில் ஸ்ரீவிஜயப் பேரரசின் மீது படையெடுத்தான். அவனது மெய்க்கீர்த்தியில் வரும் மாநக்கவாரம் நிக்கோபார் தீவுகளைக் குறிக்கும் என அறிஞர் கருதுவர்.

தமிழர் பலருக்கு இச்சிறை அறிமுகமானது பிரியதர்சன் இயக்கி, மோகன்லாலும் பிரபுவும் நடித்த 'சிறைச்சாலை' (1996) திரைப்படத்தின் வழியாகவே. உல்லாஸ்கர் தத் அந்தமானிலிருந்து சென்னை மனநல மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார். 1920இல் விடுதலையான அவர், 1965இல் காலமானார்.